மூன்று நாடாவும் அறாத கவுன்

நோயாளிகள் போட்டுக்கொள்ளும் கவுனுக்கு முதுகுப் பக்கம் மூன்று நாடாக்கள் உண்டு. கழுத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மூன்றும் அறாமல் இருக்கிற கவுன் எங்கள் ஆஸ்பத்திரியில் குதிரைக் கொம்பு. பெரிய சலவை மெஷின் நாடாவைத்தான் முதலில் தின்னும். வார்டில் ஆண் பெண் எல்லோரும் பின்பக்கத்தை ஒரு கையால் பொத்திக்கொண்டு நடப்பதற்குக் காரணம் அந்த மெஷின். ஆனால் திட்டு விழுவது அடித்தளத்தில் துணி துவைக்கிற எங்களுக்குத்தான்.

அப்படிப்பட்ட ஊரில், அன்று காலை, என்னோடு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் என் நாத்தனார் மூன்று நாடாவும் உள்ள ஒரு கவுனைத் தன் சீருடைக்குள்ளிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். தேய்த்து மடித்து வேறு வைத்திருந்தாள். நாத்தனார் அன்பாக எதையாவது கொடுத்தால் இரண்டு தடவை திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது என் அனுபவம். திருப்பிப் பார்த்தேன். கிழிசல் கூட இல்லை.

"எத்தனை நாளா ஒளிச்சு வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"உங்களுக்குத் தேதி கிடைச்ச அன்னிலேருந்து. என் அண்ணன் பொண்டாட்டி பின்னாடி காத்தாட நடந்து போனா எனக்குத்தானே அசிங்கம்" என்றாள்.

எனக்கு என்ன நோய் என்று சொல்லிவிடுகிறேன். மாதத்தில் பாதி நாள் எனக்கு ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அப்படித்தான். என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். 'பொம்பளைங்க சமாச்சாரம், தானா சரியாகும்' என்று அவர் மருத்துவம் பார்த்துவிட்டார். சரியாகவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது, குனிந்து நிமிர்ந்தால் சலவைக்கூடமே ஒரு சுற்று சுற்றி வந்து நின்றது. இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், தலை சுற்றும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். காரணமே இருக்காது. ஈரத் துணி மூட்டை ஒன்று தொப்பென்று விழுந்தால் கூடப் போதும், கண்ணில் நீர் வரச் சிரிப்பேன். அக்காவுக்கு ஏதோ லாட்டரி விழுந்திருக்கிறது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உடம்பில் ரத்தம் இல்லாமல் போனதுதான் அந்த லாட்டரி.

ஆஸ்பத்திரியிலேயே வேலை, அப்புறம் என்ன கஷ்டம் என்று யாரும் கேட்பார்கள். விளக்கடியில்தான் இருட்டு. நாங்கள் ஆஸ்பத்திரிக்காரர்கள் இல்லை, ஒப்பந்தக்காரரின் ஆட்கள். வருவது பின்வாசல் வழி, போவதும் அதே வழி. வெளிநோயாளிகளுக்கான கவுன்ட்டர் நாங்கள் முதல் மூட்டையை அவிழ்க்கும்போது திறக்கும், கடைசி மூட்டையைக் கட்டும்போது பூட்டிக் கிடக்கும். ஒரு நாள் லீவு எடுத்தால் மறுநாள் நம் இடத்தில் வேறு ஒருத்தி நிற்பாள். அதற்கென்றே பின்வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். துணி வண்டி தள்ளாமல் மாடிப் பக்கம் எங்கள் ஆரஞ்சு சீருடை தெரிந்தாலே காவலாளி கீழே அனுப்பிவிடுவார்.

ஒரு விடுமுறை நாளில் அவசரப் பிரிவில் போய் உட்கார்ந்து ஒரு சின்ன டாக்டரம்மாவைப் பார்த்தேன். வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அவளே நாலு மாதம் தள்ளித் தேதி எழுதிக் கொடுத்தாள். அவ்வளவு கூட்டம். இந்தத் தேதியை விட்டால் மறுபடியும் வரிசையின் வாலில்தான் நிற்க வேண்டும். இன்னும் நாலு மாதம் ஓட என் உடம்பில் ரத்தம் மிச்சம் இருக்காது என்பது எனக்கே தெரிந்திருந்தது.

அந்தத் தேதிக்குக் கெஞ்சிக் கூத்தாடி லீவு சொல்லி வைத்திருந்தேன். முந்தின நாள் விசில் வந்து எல்லோருடைய லீவும் ரத்து என்றார்.

விசில் எங்கள் சூப்பர்வைசர். எந்நேரமும் ஏதாவது ஒரு மெட்டை விசிலடித்துக்கொண்டே நடப்பார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எங்களுக்குள் பட்டிமன்றம் நடக்கும். எனக்குத் தெரிந்தவரை அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. மேலே இருப்பவர்கள் அவரைக் குட்டினால் அவர் எங்களைக் குட்டுவார், பயம் கூடினால் விசிலும் கூடும். மறுநாள் பெரிய அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று அன்று விசில் காதைத் துளைத்தது. என் ஸ்கேன் சீட்டைக் காட்டினேன். ஆய்வு முடியட்டும், அப்புறம் சாவகாசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

நான் அழுதிருப்பேன். என் நாத்தனார் விடவில்லை. எங்கள் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர். கட்டிக்கொண்டவன் விட்டுப் போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறாள். அடுப்பு மூலையில் எனக்கும் அவளுக்கும் நடக்காத சண்டை இல்லை. அவள்தான் அன்று இரவு திட்டம் போட்டாள். சலவை ஆள் மாடிக்குப் போகக் கூடாது, ஆனால் சலவைத் துணி போகலாம் இல்லையா என்றாள்.

ஆக, நான் துணியாகிவிட்டேன்.

ஸ்கேனுக்கு முன்னால் தண்ணீரை நிறையக் குடித்து, சிறுநீர் கழிக்காமல் வர வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் கூடத்துப் பெண்களுக்கு அடக்குவது கைவந்த கலை. கழிப்பறை பின்வாசலையும் தாண்டி இருக்கிறது, போய்வர விசிலின் அனுமதி வேண்டும். அதனால் நாங்கள் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. அப்படிப்பட்ட வயிற்றில் அன்று காலை இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். வயிறே திகைத்துப்போயிருக்கும்.

விசில் காலையில் தலை எண்ணிவிட்டு அதிகாரிகளை வரவேற்க ஓடினார். நான் மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கவுனை மாட்டிக்கொண்டேன். சலவைத் துணி போகும் வெள்ளை வண்டியில் காலை மடக்கிப் படுத்தேன். என் மேல் விரிப்புகளை அடுக்கினார்கள். மடிப்பு மேசையில் என் வேலையை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். நாத்தனார் வண்டியைத் தள்ளினாள். முன்பெல்லாம் இரண்டு கையாலும் தள்ளுகிறவள், இப்போது கொஞ்ச நாளாக வலது கையாலேயே தள்ளுகிறாள். வண்டி இடது பக்கமாக இழுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் இடித்தது. இடிக்கிற ஒவ்வொரு தடவையும் இரண்டு பாட்டில் தண்ணீரும் எனக்குள் எழுந்து நின்றது.

"ரெண்டு கையாலயும் தள்ளுடி" என்று துணிக்குள்ளிருந்து முனகினேன்.

"துணி பேசாது" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. லிப்டுக்குள் போகும்போது அடக்க முடியாத கட்டத்தில் இருந்தேன். யாரோ இரண்டு டாக்டர்கள் ஏறினார்கள். ஒருவர் தன் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே துணிக் குவியலின் மேல் முழங்கையை ஊன்றினார். ஊன்றியது என் தலையில். நான் குலுங்கினேன். நாத்தனார் பெரிதாக இருமினாள். நான் மறுபடி குலுங்க, அவள் மறுபடி இருமினாள். இந்த இருமலை நெஞ்சுப் பிரிவில் காட்டுங்கம்மா என்று அந்த டாக்டர் அக்கறையாகச் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். அவ்வளவு நேரமும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். கடித்தது சிரிப்புக்காக மட்டும் இல்லை.

மாடியில் துணி அறைக்குள் என்னை இறக்கினாள். கவுனைச் சரிசெய்து மூன்று நாடாவையும் இறுக்கிக் கட்டினாள். ஆளைக் காணோம் என்று கீழே தேடுவதற்குள் அவள் திரும்பியாக வேண்டும். "பேசாம நோயாளி மாதிரி உக்காருங்க. எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஸ்கேன் அறை வாசலில் பெஞ்சு நிறையப் பெண்கள். எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர்கள். யாரும் யாரையும் சிரிக்க வைக்கக் கூடாது என்று பேசாமலே ஓர் ஒப்பந்தம் அங்கே இருந்தது. என் சீட்டைக் கொடுத்தேன். இன்னும் மூன்று பேருக்குப் பிறகு என்றார்கள். உட்கார்ந்தால் முட்டியது, நின்றால் கொஞ்சம் பரவாயில்லை. அதனால் நின்றேன். நின்றதுதான் வினை.

எதிரே தாழ்வாரத்தில் காலிக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. முதல் கட்டிலில் யாரோ அவசரத்தில் விரிப்பைப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் தரையைத் தொட்டது, மறு பக்கம் மெத்தையே தெரிந்தது. நான் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன். சுவரைப் பார்த்தேன், மின்விசிறியைப் பார்த்தேன். அந்த விரிப்பை முந்தாநாள் தேய்த்தது நான். ஓரத்தில் இருந்த பழுப்புப் புள்ளியை வைத்து அடையாளம் தெரிந்தது. பெற்ற பிள்ளை தெருவில் மூக்கொழுக நிற்பதைப் பார்த்தால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? போய் ஒரே ஒரு முனையைத்தான் இழுத்துச் செருகினேன். ஒரு முனை சரியானதும் மற்ற மூன்றும் கேட்டன. நாலையும் முடித்துக் கையால் நீவிவிட்டேன். பிறகு இரண்டாவது கட்டில் கண்ணில் பட்டது.

மூன்றாவது கட்டிலில் குனிந்திருந்தபோது தாழ்வாரமே அமைதியாகிவிட்டதை உணர்ந்தேன். நிமிர்ந்தேன். உலகம் ஒரு சுற்று சுற்றியது. சுற்றி நின்றபோது எதிரே ஒரு கூட்டமே இருந்தது. நடுவில் தடித்த கண்ணாடி போட்ட ஓர் அம்மா, பக்கத்தில் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர், பின்னால் சிஸ்டர்கள், எல்லோருக்கும் பின்னால் விசில். என்னைப் பார்த்த அந்த நொடியில் அவர் வாயில் இருந்த மெட்டு பாதியில் நின்றது. உதடு மட்டும் குவிந்தபடியே இருந்தது.

கண்ணாடியம்மா கட்டிலைப் பார்த்தார், என் கவுனைப் பார்த்தார்.

"நீங்க நோயாளியா, இங்க வேலை பாக்கறவங்களா?" என்று கேட்டார். "நோயாளிங்களையா இங்க படுக்கை விரிக்க விடறாங்க?"

தலைமை டாக்டர் சிஸ்டரைப் பார்க்க, சிஸ்டர் என்னைப் பார்த்தாள். நோயாளி என்று சொன்னால் அந்தச் சிஸ்டருக்குத் தலைவலி, அவள் என்னைச் சும்மா விடமாட்டாள். சலவைக்காரி என்றால் இன்று மாலையே பின்வாசல் பெண்களில் ஒருத்திக்கு என் இடம் போய்விடும். ஓடிவிடலாம் என்றால் அந்த வயிற்றோடு ஓட முடியாது. பாழாய்ப்போன தலை சுற்றல் விட்டபாடில்லை. சிரிப்பும் வந்தது.

"ரெண்டும்தாம்மா" என்றேன். "கீழ துணி துவைக்கிறேன். மேல ஸ்கேனுக்கு வந்திருக்கேன்."

கண்ணாடியம்மா மெல்லத் திரும்பி, சலவைப் பிரிவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். கூட்டம் விலகி விசிலைக் காட்டிக்கொடுத்தது. ஒப்பந்த ஆட்களுக்கு வேலை நேரத்தில் இங்கேயே வைத்தியம் பார்த்துக்கொள்ள அனுமதி உண்டா என்று அவர் கேட்டார். உண்மையைச் சொன்னால் விசிலின் கதை கந்தல்.

"உண்டு மேடம்" என்றார். "எல்லாருக்குமே உண்டு."

பொய்தான். ஆனால் சபையில் வைத்துச் சொன்ன பொய். வாய் தவறி விழுந்த சோற்றைக் காக்கை கொத்துவதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்துக்கொண்டேன்.

"ஆமாம்மா. சார்தான் அனுப்பி வச்சார். வாரத்துக்கு ஒருத்தர் போய்க் காட்டிட்டு வாங்க, வேலையை மத்தவங்க பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டார். முதல் ஆள் நான்."

விசில் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியாது. கோபம், திகைப்பு, அதற்கு நடுவில் கொஞ்சம் நன்றி கூட இருந்தது. கண்ணாடியம்மா அவரைப் பாராட்டினார். நல்ல ஏற்பாடு, மற்ற இடங்களிலும் சொல்கிறேன் என்றார். அதோடு விடவில்லை. தலைமை டாக்டரிடம் திரும்பி, வாராவாரம் வருகிறார்களா என்று நானே கேட்பேன் என்று வேறு சொன்னார். தலைமை டாக்டர் பலமாகத் தலையாட்டினார். அதுவரை அப்படி ஓர் ஏற்பாடு இருப்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்குள் ஸ்கேன் அறையிலிருந்து கூப்பிட்டார்கள். அதிகாரிகளை அப்படியே நிறுத்திவிட்டு நான் போனேன். நின்று விடைபெறுகிற நிலையில் நான் இல்லை.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, திரையை வெகுநேரம் பார்த்தாள். எனக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வரவில்லை. கர்ப்பப்பையில் கட்டிகள் இருக்கின்றன, பெரிதாகத்தான் இருக்கின்றன, பார்த்தால் பயப்படுகிற மாதிரியானவை இல்லை, எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"இவ்ளோ வளர விட்டிருக்கீங்களே. ரொம்ப தூரத்துலேருந்து வர்றீங்களா?"

"கீழேருந்து வர்றேன் டாக்டர்" என்றேன்.

எந்த ஊர் அது என்று அவள் கேட்டாள். நான் தரையைக் காட்டினேன். அவள் பசையைத் துடைக்கத் துணியைத் தானே எடுத்துக் கொடுத்தாள்.

அந்த மாடியில் நோயாளிகளுக்கான கழிப்பறை இருக்கிறது. வெள்ளைத் தரை, உள்தாழ்ப்பாள், கதவைத் தட்டி நேரம் சொல்ல ஆளில்லை. பிழைத்துவிட்டேன் என்ற நினைப்பும் வயிறு காலியாகும் சுகமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. நான் அங்கே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், சிரித்தேன், மறுபடி அழுதேன். வெளியே வரிசையில் நின்ற பெண்கள் என்னை நினைத்துப் பொறாமைப்பட்டிருப்பார்கள்.

கீழே வரும்போது எனக்கு முன்னாலேயே விசில் வந்து நின்றிருந்தார். எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பொழப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியேம்மா" என்றார்.

"மண்ணா? உங்களுக்குப் பேரு வாங்கிக் கொடுத்திருக்கேன் சார்."

அவர் அறையின் குறுக்கே இரண்டு நடை நடந்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, மேலே பாதியில் விட்ட மெட்டை விசிலடிக்க ஆரம்பித்தார். வாசலுக்குப் போனவர் திரும்பிப் பார்க்காமலே, அடுத்த வாரம் யார் என்று நீங்களே முடிவு பண்ணிச் சொல்லுங்கள் என்றார்.

அவர் தலை மறைந்ததும் கூடம் சந்தைக்கடையாகிவிட்டது. ஒருத்திக்கு முழங்கால், ஒருத்திக்கு வெள்ளைப்படுதல், ஒருத்திக்குக் கழுத்தில் வீக்கம். மெஷின் ஓட்டுகிறவள், பிள்ளை பெற்றதிலிருந்து தும்மினால் சிறுநீர் கசிகிறது என்று முதல் தடவையாக வெளியே சொன்னாள். எனக்கும்தான் என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள். வருஷக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் நின்று துணி மடித்திருக்கிறோம், ஒருத்தி உடம்பு ஒருத்திக்குத் தெரிந்திருக்கவில்லை. யார் நோய் பெரியது என்று ஏலம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். சோப்புத் தண்ணீர் ஓடும் தரையில் யாராவது வழுக்கி விழுந்திருந்தால் அவளுக்குத்தான் முதல் இடம்.

என் நாத்தனார் மட்டும் ஏலத்தில் கலந்துகொள்ளவில்லை. மூலையில் நின்று ஒற்றைக் கையால் தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தால் மூடாத வக்கீல். வண்டி இடது பக்கமே இழுத்தது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. மூட்டையைக் கொஞ்ச காலமாக மார்போடு அணைத்துத் தூக்காமல் இடுப்பில் வைத்துத் தூக்குவதும் நினைவுக்கு வந்தது. தோள்பட்டை வலி என்று சொல்லியிருந்தாள். நானும் நம்பியிருந்தேன்.

பக்கத்தில் போய், உனக்கு என்னடி என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். நான் நகரவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துச் சீருடைக்கு மேலாகத் தன் இடது அக்குளுக்குக் கீழே வைத்தாள். விரலுக்கடியில் கல் மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. அமுக்கினேன், அது நகரவில்லை.

"எப்பலேருந்து?"

"உங்களுக்குத் தேதி வாங்கினோமே, அப்பலேருந்து" என்றாள். "ஒரு தேதியே நாலு மாசம் கழிச்சுக் கிடைச்சது. அதுக்கே லீவு தர மாட்டேங்கறான். ரெண்டு பேரும் கேட்டா ரெண்டு பேர் வேலையும் போயிடும் அண்ணி. முதல்ல நீங்க போயிட்டு வாங்கன்னுதான்..."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை அங்கேயே நாலு அறை அறைந்திருப்பேன். கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவளை அப்படிப் பிடித்தது அதுதான் முதல் தடவை. வலிக்கிறது, இடது பக்கம் விட்டுப் பிடியுங்கள் என்று அப்போதும் எனக்கு உத்தரவு போட்டாள்.

அடுத்த வாரம் யார் என்ற ஏலம் அத்தோடு முடிந்தது. யாரும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

அந்தக் கவுனை நான் மெஷினில் போடவில்லை. கையால் துவைத்து, வீட்டில் கொடியில் காயப்போட்டு, நாடாக்களைத் தனித்தனியாகத் தேய்த்து வைத்தேன். இனிமேல் நாங்கள் சீருடையோடு முன் லிப்டிலேயே போகலாம் என்று அனுமதி வந்திருந்தது. அவள் அதைக் கேட்பதாக இல்லை. என்னைத் தள்ளிக்கொண்டு போன அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை, வண்டியில் போக வேண்டுமாம்.

அதனால் அவள் முறை வந்த காலையில் வெள்ளை வண்டியில் விரிப்புகளை அடுக்கி, அந்தக் கவுனை மாட்டிய அவளை அவற்றின் மேலே உட்கார வைத்தேன். முகத்தை மூடிவிடவா என்று கேட்டேன். "எதுக்கு? நான் என்ன துணியா?" என்றாள். கூடத்துப் பெண்கள் வாசல் வரை வந்து நின்றார்கள். லிப்டுக் கதவை விசிலே பிடித்துக்கொண்டார். ஏறுவதற்கு முன் அவள் இரண்டு கையையும் தொடைக்கடியில் ஒளித்துக்கொண்டாள். அவள் முதுகுப் பக்கம் போய் நின்று, கழுத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று மூன்று நாடாவையும் நானே இறுக்கிக் கட்டினேன். பிறகு இரண்டு கையாலும் வண்டியைத் தள்ளினேன்.